இரண்டு கரைக்கும் கேட்கும்படி

மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்ற ஒரே காரியத்துக்காகத்தான் நான் கயானாவுக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையெல்லாம் கிடையாது. திருத்தணி தாலுகா ஆபீசில் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வரப்புகளில் நடந்த நடையே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

மகள் பெயர் வெண்ணிலா. படகும் கப்பலும் போகிற தண்ணீரின் அடியை அளப்பது அவள் வேலை. தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் கயானா என்று ஒரு சின்ன நாடு, அதற்குக் கிழக்கே சூரிநாம் என்று இன்னொரு சின்ன நாடு. நடுவில் கொரன்டைன் ஆறு. அதன் குறுக்கே பாலம் கட்டலாமா என்று இரண்டு அரசும் யோசித்துக்கொண்டிருந்தன. அதற்கு முன்னால் ஆழம் பார்த்துக் கொடுக்க ஒரு கம்பெனி இவளை அனுப்பியிருந்தது.

வினை டிவியில் வந்தது. கயானாவுக்கு மேற்கே இருக்கிற வெனிசுலா, அந்த நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு தன்னுடையது என்கிறது. எல்லை ஆற்றில் துப்பாக்கிச் சூடு, கடலில் ராணுவக் கப்பல் என்று செய்தியில் படம் ஓடியது. சண்டை மேற்கு எல்லையில், நம்ம பெண் இருப்பது கிழக்கு எல்லையில் என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் காதில் அது ஏறவில்லை. ஆயுள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் தினம் நாலு தரம் போய்வந்தவர்.

"கெயக்கால மட்டும் என்னா வாழுதாம்? ஆறே யாருதுன்னு அடிச்சிகினு கீறாங்களாம். நான் சொன்னா அவ கேக்க மாட்டா. நீ நேர்ல போயி நில்லு, கூட்டிகினு வந்துடு" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆறு முழுவதும் எங்களுடையது, உங்கள் கரையில் தண்ணீர் வந்து தொடுகிற இடம் வரைக்கும் எங்களுடையது என்பது சூரிநாமின் கட்சி. மேலே காட்டுக்குள் போனால் எந்தக் கிளை தாய் ஆறு என்பதிலேயே தகராறு. அந்தக் காட்டுக்காக இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் ஒரு காலத்தில் மோதியிருக்கிறார்கள். கயானாக்காரன் ஆற்றில் வலை போட வேண்டுமானால் எதிர்க்கரையில் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதனால் ஆளைப் பிடிப்பதும் படகைப் பிடிப்பதும் அங்கே புதிதல்ல.

முதல் நாள் முழுக்க மினிபஸ்ஸில் கழிந்தது. தலைநகரத்துக்கு வந்து காத்திருந்தாள் வெண்ணிலா. கடலோரமாகவே கிழக்கே போகிற சாலை. நம்மைப் போல அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது ஒன்றுதான் நிம்மதி. பாட்டுச் சத்தத்தில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நடுச்சாலையில் மாடுகள் படுத்திருந்தன. டிரைவர் ஹாரன் அடிக்காமல் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார். நம்ம ஊர் டிரைவர் வாயிலிருந்து வருகிற வார்த்தை ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

ஓரிடத்தில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கினோம். ஊர்களுக்குப் பேருக்குப் பதில் வெறும் நம்பர். "நாம் எங்கே நிற்கிறோம்?" என்று கேட்டால் "அறுபத்து மூன்று" என்கிறார்கள். புல எண்ணாகவே ஒரு தேசம் இருப்பதைப் பார்த்து எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் பையைத் திறந்து ஓர் உருண்டை கொடுத்தாள். புளியைச் சர்க்கரையிலும் மிளகாயிலும் பிசைந்து உருட்டியது. முதல் கடியில் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன்.

டயர் மாற்றுகிறவரைக்கும் ரேடியோவில் எல்லைச் செய்தி ஓடியது. ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே அந்த ஊர்க் கொச்சை இங்கிலீஷில் சொன்னதை வெண்ணிலா எனக்குப் பெயர்த்துச் சொன்னாள்: "மேற்கே ஒருத்தன் மண்ணைக் கேட்கிறான். கிழக்கே ஒருத்தன் தண்ணியைக் கேட்கிறான். நாங்க நடுவில உட்கார்ந்து ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கிட்டிருக்கோம்."

மறுநாள் காலை ஆற்றைப் பார்த்தேன். ஆறு என்று யார் சொல்வார்கள்? டீ நிறத்தில் ஒரு கடல். எதிர்க்கரை பச்சை நூல் மாதிரி தெரிந்தது. எங்கள் கொசஸ்தலை ஆற்றில் ஆந்திராக்காரர்கள் அணையைத் திறந்தால் தரைப்பாலம் முழுகும், மூடினால் மணல்தான். அதற்கே நாங்கள் இரண்டு பக்கமும் முறைத்துக்கொள்வோம். இவ்வளவு தண்ணீருக்குச் சண்டை போடாமல் எப்படி இருப்பார்கள் என்று தோன்றியது.

"சரி, எப்ப கெளம்பலாம்?" என்று வெண்ணிலாவிடம் ஆரம்பித்தேன்.

"எங்க?"

"எங்கன்னா? ஊட்டுக்கு. உங்க நைனா தூங்கறதே இல்ல."

"பாதி ஆறுதாம்மா அளந்துகிறேன். பாதி கெணறு தோண்டிட்டு நீ வந்துருவியா?" என்றாள். தோசைக்கல் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதில் எனக்கு முட்டை ஊற்றினாள்.

அன்று சாயங்காலம் அவளுடைய படகோட்டி எங்களுக்கு மீன் கொண்டுவந்தார். ஓடு போட்ட மீன், தேங்காய்ப்பாலில் குழம்பு வைப்பார்களாம். நல்ல உயரம், நரைத்த மீசை. பெயர் மூன்சாமி என்றார். நான் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, "முனுசாமியா?" என்றேன். அவர் யோசித்தார். அப்பாவுடைய பாட்டனார் மதராஸிலிருந்து கப்பலில் வந்தவர், அவர் பேர் காகிதத்தில் இப்படித்தான் இருக்கிறது என்றார். எங்கள் தெருவில் மட்டும் மூன்று முனுசாமி இருக்கிறார்கள் என்று சொன்னதும் அந்த மனிதர் மீனை அப்படியே கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. மாரியம்மா, கரகம், வேப்பிலை, இவ்வளவுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்சாமி தங்கள் மாரியம்மன் கோயிலுக்கு எங்களைக் கூட்டிப்போனார். தாமரை இலையில் சோறு. அதைச் சுற்றி ஏழு கறி. பூசணி, பலா, கத்திரி, கீரை, மாங்காய் என்று ஒன்றோடொன்று கலந்து ஓடுகிறது, கையால் அணை கட்டித்தான் சாப்பிட வேண்டும். பரிமாறியவர்கள் வெண்ணிலாவுக்கு மட்டும் ஒவ்வொன்றிலும் இன்னொரு கரண்டி வைத்தார்கள். "ஆற்றுப் பெண்" என்று அவளுக்குப் பேர். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை, "ஒரு நாள் கூட வந்து பாரும்மா, அப்புறம் பேசலாம்" என்றாள். கம்பெனியில் அனுமதி கேட்டு வைத்திருந்தாள். புடவைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும் சட்டையை மாட்டிவிட்டார்கள். மூன்சாமி என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

படகில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு நாட்டுக்குத் தெரியாமல் இன்னொரு நாட்டுக்கு அளவு போய்விடக் கூடாது என்று இரண்டு அரசும் ஆளுக்கொரு சிப்பாயைக் காவலுக்கு அனுப்பியிருந்தன. கயானாவின் ஆள் ஆண்ட்ரே, நெடுநெடுவென்று வளர்ந்த இளைஞன். சூரிநாமின் ஆள் சுமி என்ற பெண், ஜாவாவிலிருந்து போய்க் குடியேறிய வம்சம். வேலை ஆரம்பித்த நாள் முதல் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லையாம். அவன் முன்னால் உட்கார்ந்தால் அவள் பின்னால் உட்காருவாள். அவன் காராமணிச் சோறு தின்றான், அவள் டப்பாவைத் திறந்து நூடுல்ஸ் தின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

ஏர் ஓட்டுகிற மாதிரி படகு மேலும் கீழுமாகப் போய்வந்தது. தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து ஆழம் சொல்கிறது ஒரு மெஷின். திரையில் ஆற்றின் அடி தெரிந்தது, மேடும் பள்ளமுமாக. நான் சங்கிலி பிடித்து அளந்தவள். கண்ணுக்குத் தெரியாத தரையை என் பெண் அளப்பதைத் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் திடீரென்று மழை பிடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. முதலில் பார்த்தவர் மூன்சாமி. "படகு, படகு!" என்று கத்தினார். சற்றுத் தள்ளி ஒரு மீன்பிடிப் படகு மணல் திட்டில் ஏறி, அலை அடித்துக் கவிழ்ந்திருந்தது. இரண்டு தலைகள் தெரிந்தன.

கடல் உள்வாங்கி, ஆற்றிலும் தண்ணீர் வடிகிற நேரம். அந்த இடம் முழுக்கத் திட்டுகள், ஒன்றுக்கும் அடையாளம் கிடையாது. ஆனால் முந்தின வாரம்தான் வெண்ணிலா அங்கே அளந்திருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வலது, அங்கிள்… இன்னும் வலது… நேரா… மெதுவா." மூன்சாமி அவள் சொன்னபடி திருப்பினார். உள்ளே போய், இரண்டு பேரையும் தூக்கிப் போட்டோம். அண்ணன் தம்பி. அண்ணன் நடுங்கிக்கொண்டிருந்தார். தம்பி ரோஹனுக்குத் தொடையில் அவர்கள் மோட்டாரின் விசிறி வெட்டியிருந்தது. முந்தானையைக் கிழித்து, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். அப்படியும் ரத்தம் நிற்கவில்லை.

திரும்பலாம் என்றால் எங்கள் படகு நகரவில்லை. அவர்களுடைய வலை எங்கள் மோட்டாரில் சுற்றிக்கொண்டுவிட்டது. நங்கூரம் போட்டுவிட்டு வெண்ணிலா வயர்லெஸ்ஸில் உதவி கேட்டாள். கயானாவின் ரோந்துப் படகு கிளம்பிவிட்டது, ஆனால் தூரத்தில் இருந்தது. சூரிநாமின் படகு கிட்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மழைக்குள்ளிருந்து அது தெரிந்தது. சாம்பல் நிறம், முன்னால் துப்பாக்கி. வந்து, வெளித் திட்டுக்கு அப்பால் நின்றுவிட்டது. பெரிய படகு, உள்ளே வந்தால் தட்டி நிற்கும். "மருத்துவ உதவியாளர் இருக்கிறார். எங்களுக்கு வழி தெரியவில்லை. ஆழத்தைச் சொல்லுங்கள்" என்றது குரல்.

ஆண்ட்ரே எழுந்து நின்றான். "சொல்லக் கூடாது. அறிக்கை போகிறவரைக்கும் எந்த நாட்டு ராணுவத்துக்கும் அளவைக் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் அது."

"ஆள் செத்துக்கொண்டிருக்கிறான்!" என்று சுமி கத்தினாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே முதல் பேச்சு அதுதான்.

ஆண்ட்ரே சொன்னதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். எல்லைத் தகராறில் அளந்த அளவை ஒரு தரப்பின் காதில் மட்டும் முதலில் போட்டால், அப்புறம் கல்லை எங்கே நட்டாலும் அடுத்த தரப்பு நம்பாது. அந்த அளவரை ஊரே சேர்ந்து விலைக்குப் போனவர் என்று சொல்லும். வெண்ணிலா ஆழத்தைச் சொன்னால் அவள் வேலை போகும், பேரும் போகும். சொல்லாவிட்டால் ஓர் உயிர்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. வயர்லெஸ்ஸின் குமிழைத் திருப்பி, எல்லாப் படகும் கேட்கிற பொது அலைவரிசைக்குப் போனாள்.

"இரண்டு கரைக்கும் சொல்கிறேன். கயானா ரோந்து, சூரிநாம் ரோந்து, பக்கத்தில் இருக்கிற எல்லாப் படகுக்கும் சொல்கிறேன். திட்டுக்கு உள்ளே வரும் வழியை இப்போது படிக்கப் போகிறேன். கயானா ரோந்து, கேட்கிறதா?"

இரைச்சல். அப்புறம் தூரத்திலிருந்து ஒரு குரல். "கேட்கிறது. சொல்லுங்கள்."

"சூரிநாம் ரோந்து?"

"கேட்கிறது."

ஆண்ட்ரே பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். உடனே மறுபடி எழுந்து, பைனாகுலரை எடுத்துக்கொண்டு படகின் முனைக்குப் போனான். துப்பாக்கிப் படகு எங்கே இருக்கிறது, எவ்வளவு விலகுகிறது என்று அவன் கத்திச் சொல்ல, அதை வைத்து வெண்ணிலா வழி சொன்னாள். இடது என்றால் அந்தப் பெரிய படகு இடது பக்கம் திரும்பியது. நில் என்றால் நின்றது. முன்னால் துப்பாக்கிக்குப் பின்னால் நின்ற சிப்பாய், கையில் மூங்கில் கழியை வாங்கித் தண்ணீரைக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு தடவைகூட அடி தட்டவில்லை.

பக்கத்தில் வந்ததும் இன்னொரு ரகளை. ரோஹனின் அண்ணன் தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். லைசென்ஸ் இல்லையாம். அந்தக் கரைக்குப் போனால் ஜெயிலாம், படகு போய்விடுமாம். எல்லோரும் இங்கிலீஷில் சமாதானம் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ்! தம்பிக்கு ரத்தம் ஊத்திகினு கீது, நீ லைசென்ஸப் பத்திப் பேசிகினு கீறியா? உடுய்யா கைய! நீயும் கூட ஏறு, போ!"

அவருக்கு ஓர் அட்சரம் புரிந்திருக்காது. கையை விட்டுவிட்டார். கூடவே ஏறிப் போனார். மூன்சாமி என்னைப் பார்த்து, "என் அம்மாவும் இப்படித்தான் கத்துவாள்" என்றார்.

துப்பாக்கிப் படகின் அதிகாரி போகுமுன் வெண்ணிலாவைப் பார்த்து, "நீ எந்த ஊர்?" என்று கேட்டார். மழையில் நனைந்து, முடி முகத்தில் ஒட்டி, "திருத்தணி" என்றாள் அவள், அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும் என்பது போல. அப்புறம்தான் "இந்தியா" என்றாள்.

அந்தப் படகு திட்டை விட்டுத் திரும்புகிற வழியும் அவளே சொன்னாள். வலையை அறுத்துவிட்டு நாங்கள் கரை சேர்வதற்குள் கயானாவின் படகும் வந்து எங்களுக்குப் பக்கத்திலேயே துணையாக வந்தது.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன். ஒப்பந்தத்தை மீறியதற்கு விளக்கம் கேட்டார்கள். இரண்டு அரசின் அதிகாரிகளும் படகுத்துறைக்கு வந்து விசாரிப்பார்களாம். அவர்கள் அதிருப்தி அடைந்தால் வேறு ஆளைப் போட்டுவிட்டு வெண்ணிலாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நான் எதற்காக அவ்வளவு தூரம் போனேனோ அது தானாகக் கைக்கு வருகிறது. எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பெண்ணை இந்த வேலையிலிருந்து யாரும் எடுத்துவிடக் கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டேன். வந்தபோது வேண்டியதற்கு இது நேர் எதிர். அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

விசாரணை நடந்த அறைக்கு வெளியே பெஞ்சில் மூன்சாமியும் நானும் உட்கார்ந்திருந்தோம். முதலில் ஆண்ட்ரேயைக் கூப்பிட்டார்கள், அப்புறம் சுமியை. போகிற வழியில் சுமி என்னிடம், ரோஹனின் கால் தப்பித்தது, அண்ணனை ஆஸ்பத்திரியிலேயே இருக்க விட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். படகு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

கடைசியாகப் போன வெண்ணிலா வெளியே வந்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"அன்னிக்கு வயர்லெஸ்ல பேசன ரெகார்ட போட்டுக் கேட்டாங்க. நாங்க கேட்டதத்தான் அவங்களும் கேட்டாங்க, அவங்க கேட்டதத்தான் நாங்களும் கேட்டோம்னு ரெண்டு பக்கமும் எழுதிகினாங்க. ஆருக்கும் ஒண்ணும் கொறையில்ல. அளவைத் தொடருன்னுட்டாங்கம்மா."

"அவ்ளோதானா?"

"அந்தத் திட்டுக்கு மேல ஒரு மிதவை போடணும்னு ஒத்துகினாங்க. ஆரு போடறதுன்றதுல மட்டும் பேச்சு முடியல. ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு போடுவாங்க போல" என்று சிரித்தாள்.

நான் அவள் தலையைத் தொட்டேன். அவ்வளவுதான் செய்தேன். இருபத்தைந்து வருஷம் எத்தனையோ கல் நட்டிருக்கிறேன். நட்ட கல்லுக்கு இரண்டு தரப்பும் சரி சொன்ன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இவள் மழையில், துப்பாக்கிக்கு முன்னால், இரண்டு நாட்டைச் சரி சொல்ல வைத்தாள்.

ஊருக்குக் கிளம்புகிற காலையில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்கால டீ நேரம்.

"ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சா?" என்றார்.

"எனக்கு மட்டுந்தான்."

"புள்ள?"

"அவளுக்கு வேல கீது. அவ வரமாட்டா. நானும் கூப்புடல."

நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னேன். மழை, திட்டு, வலை, வயர்லெஸ், துப்பாக்கிப் படகு. முடித்ததும் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பட்டாளத்து போட்டு, இவ சொன்ன பக்கந்தான் திரும்புச்சா?"

"ஆங். இவ சொன்ன பக்கந்தான்."

"தட்டலையா எங்கியும்?"

"எங்கியும் தட்டல."

"சரி. நீ பத்திரமா வா" என்றார். போனைக் கட்டிலில் வைத்த சத்தம் கேட்டது. அணைக்க மறந்துவிட்டார். நான் வைக்கப் போனவள், அவர் குரல் கேட்டு நின்றுவிட்டேன். இவர் பாவா என்று முறை வைத்து அழைக்கும் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரரை வாசலில் இருந்தபடி கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாவா, இங்க வா. விஷயம் தெரியுமா? எம் பொண்ணு வாயத் தெறந்து லெப்ட்டுன்னா, ஒரு நாட்டு மிலிட்டிரியே லெப்ட்ல ஒடைக்குது. இன்னொரு நாட்டு மிலிட்டிரி கம்முனு நின்னு கேட்டுகினு கீது. நான் இத்தினி வருசம் ஸ்டீரிங் புடிச்சேன், எனக்கு ஒரு டிராபிக் போலீசு வழி உட்டுகிறானா?"

பாவா ஏதோ கேட்டார். இவர் அதையே மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை தெலுங்கில் ஆரம்பித்தார்.